கரையாத சிறுவீடு

காலைப் பார்த்து வையுங்கள், தம்பி. அந்தச் சாக்கில் இரும்பு இருக்கிறது. பக்கத்துச் சாக்கில் மண். இரண்டும் என்னுடையதுதான்.

ஆமாம், மண்தான். ஆற்றங்கரை மண். கண்டக்டரும் உங்களை மாதிரித்தான் பார்த்தான். "பெரியவரே, பாளையங்கோட்டையிலயும் இதே ஆறுதான ஓடுது? அங்க போயி அள்ளிக்கிட வேண்டியதுதான?" என்றான். இதே ஆறுதான். யார் இல்லையென்றார்கள். அம்பாசமுத்திரத்தில் ஓடும்போது அது என் ஆறு. பாளையங்கோட்டை போய்ச் சேரும்போது சம்பந்தி ஆறாகிவிடுகிறது. இதையெல்லாம் கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா. சாக்குக்கும் சேர்த்து டிக்கெட் கொடு என்றேன். கொடுத்தான்.

நீங்கள் எதுவரை? புது பஸ் ஸ்டாண்டா. நல்லது. எனக்கும் அதுதான். இறங்கும்போது ஒரு கை பிடியுங்கள்.

சம்பந்தி என்றால் என் மகளுடைய மாமனார். சென்னியப்பன் என்று பேர். ஈரோட்டுப் பக்கம். பேங்கில் கேஷியராக இருந்து ரிட்டயர் ஆனவர். நல்ல மனுஷர். அதுதான் பிரச்சினை. கெட்ட மனுஷராக இருந்தால் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இவரை என்ன கேட்பது? நாம் எதைச் சொன்னாலும் "சரிங்க சம்பந்தி, அப்பிடியே பண்ணீரலாங்க" என்பார். பண்ணியும் விடுவார். உங்களுக்கு அப்படி யாராவது உண்டா? இல்லையா. கொடுத்துவைத்தவர்.

என் மகள் உலகம்மையும் அவர் பையனும் ஒரே ஆபீஸ். அவர்களாகவே பார்த்து முடித்துக்கொண்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு மாதம் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். அந்த எட்டு மாதமும் இந்த மனுஷர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குப் போன் பண்ணினார். உடம்பு எப்படி இருக்கிறது, மழை உண்டா, என்று. உண்டு, இல்லை, என்று வைத்துவிடுவேன். இப்பவும் ஞாயிற்றுக்கிழமை அவர்தான் பண்ணுகிறார். பண்ணி, பேத்தி கையில் போனைக் கொடுத்துவிடுவார். அவளாகப் பண்ணுவதில்லை. அவர் கொடுத்துத்தான் பேசுகிறாள். என் பேத்தி என்னோடு பேச அவர் எதற்கு நடுவில்?

அவர் சம்சாரம் தவறியதும் பாளையங்கோட்டைக்கு மகன் வீட்டோடு வந்துவிட்டார். என் சம்சாரம் தவறியும் ஆறு வருஷம். என்னையும் கூப்பிட்டார்கள். மாடியில் ரூம் இருக்கிறதாம். ஒருவர் இருக்கிற வீட்டில் இன்னொருவர் எதற்கு? நான் போகவில்லை.

பேத்திக்கு என் சம்சாரத்தின் பேர்தான், கோமதி. கோமு என்று கூப்பிடுவது. எட்டு வயசு. அவரைத் தாத்தா என்கிறாள். என்னை அப்புச்சி என்கிறாள். இந்தப் பக்கத்தில் யாரையாவது அப்படிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்களா? ஈரோட்டுப் பேச்சு. அவர் சொல்லிக்கொடுத்தது. ஏன் என்று கேட்டதற்கு, "எங்க பக்கம் அம்மாவப் பெத்தவருக்குத்தானுங்க அந்தப் பேரு. அப்புச்சி வீடுன்னா புள்ளைங்க உசுர உடுமுங்க" என்றார். இருக்கலாம். தாத்தா என்கிற வார்த்தையைத் தனக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை என் பக்கம் தள்ளிவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது.

நீங்கள் எந்த ஊர்? மதுரைக்கு வடக்கேயா. அப்படியானால் சிறுவீடு தெரிந்திருக்காது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்கழி பூராவும் வாசல் கோலத்தில் சாண உருண்டை பிடித்துப் பூசணிப்பூ வைப்பார்கள் அல்லவா. அதை எறியமாட்டோம். வறட்டியாகத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்போம். தை பிறந்ததும், வீட்டில் பெண்பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளைக்கென்று வாசலில் ஒரு சின்ன மண்வீடு கட்டுவோம். முழங்கால் உயரம் வராது. கூரை கிடையாது. வாசல், அடுப்படி, படுக்கிற அறை, எல்லாம் உண்டு. தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதற்கு முன்னால் அந்தப் பிள்ளையே அடுப்புக் கூட்டிப் பொங்கல் பொங்கும். பிறகு வறட்டியில் சூடம் ஏற்றி ஆற்றில் விட்டுவிட்டு வரும். வந்ததும், வீட்டின் மேல் தண்ணீரை ஊற்றி மிதித்துக் கரைத்துவிடும். அந்தக் கடைசிச் சங்கதி எல்லா வீட்டிலும் உண்டா தெரியாது. எங்கள் வீட்டில் உண்டு.

இவ்வளவுதான். இதில் இரண்டு கிழவர்கள் மல்லுக்கு நிற்க என்ன இருக்கிறது என்பீர்கள். மல்லுக்கு நிற்பது நான் மட்டும்தான். அவருக்கு அது தெரியவே தெரியாது. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

நான் கட்டடக்காரன், தம்பி. அம்பாசமுத்திரத்தில் கான்ட்ராக்டர் ஆவுடையப்பன் என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கொத்தனாராக ஆரம்பித்து ஐம்பது வருஷம். நான் கட்டிய வீடு எதுவும் விரிசல் விட்டதில்லை. கலவையில் ஒரு சட்டி மணல் கூடுதலாகப் போட்டதில்லை. எதற்குச் சொல்கிறேன் என்றால், சிறுவீடு யார் கட்டவேண்டும்? நானா, நோட்டு எண்ணின கையா?

போன வருஷத்துக்கு முந்தின வருஷம். பொங்கலன்று போய் இறங்குகிறேன். கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு சிறுவீடு. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். கோமு முழங்கை வரை மண்ணோடு இருக்கிறாள். நான் வந்தது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தொண்டையைச் செருமினேன். அப்புறம்தான் நிமிர்ந்தார்கள்.

"வாங்க சம்பந்தி, வாங்க. உங்க ஊரு பழக்கந்தானுங்க. ஏதோ எனக்குத் தெரிஞ்ச மாதிரி பண்ணியிருக்கறனுங்க."

யார் சொல்லிக்கொடுத்தது என்றேன்.

"உலகுதானுங்க. சின்னப் புள்ளையா இருக்கறப்ப மாடசாமின்னு ஒருத்தர் கட்டிக் குடுப்பாராமா. அவரு எப்பிடிப் பண்ணுவாருன்னு ஒண்ணு விடாமச் சொல்லுது. நீங்க கேட்டீங்கன்னா அசந்துருவீங்க."

அசந்துதான் போனேன். மாடசாமி யார் தெரியுமா? என்னிடம் வேலை பார்த்த கையாள். அப்போது எனக்கு ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் வேலை நடந்தது. சிறுவீடு கட்ட எங்கே நேரம்? நான்தான் அவனைத் தைமாதம் ஒரு நாள் வீட்டுக்கு அனுப்புவேன். சைட்டில் கான்கிரீட் போடுகிற நாளாக இருந்தாலும் அனுப்புவேன். அனுப்பியது யார்? நான். அப்படியானால் கட்டியது யார் என்று ஆகிறது? இதை உலகுவிடம் கேட்டேன். "நீங்க ஒரு நாளாவது பக்கத்துல ஒக்காந்தியளாப்பா?" என்றாள். பெண்பிள்ளைகளோடு நியாயம் பேசமுடியாது.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தேன், அந்தக் காலத்தில். உலகுக்கு எட்டு வயசு இருக்கும். மாடசாமி என்னமோ பாடிக்கொண்டு சுவரைத் தடவுகிறான். அவளும் கூடப் பாடுகிறாள். அப்பா என்று திரும்பிப் பார்க்கவில்லை. நான் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டேன். அடுத்த தை மாதம் மாடசாமியை நாகர்கோவில் வேலைக்கு அனுப்பினேன். அங்கே ஆள் தேவைப்பட்டது. நிஜமாகவே தேவைப்பட்டது. அந்த வருஷம் வீட்டில் சிறுவீடு இல்லை. அதற்குப் பிறகும் இல்லை. அவளும் கேட்கவில்லை. ஒன்பது வயசாகிவிட்டது, பெரிய பிள்ளை.

பாருங்கள், அந்த மாடசாமி சிறுவீடு முப்பது வருஷம் கழித்து ஈரோட்டுக்காரர் கையில் போய் நிற்கிறது. நடுவில் நான் ஒருத்தன் இருப்பதே யாருக்கும் நினைவில்லை.

இது வீரவநல்லூர். கொஞ்சம் ஒதுங்கி அந்த அம்மாவுக்கு இடம் விடுங்கள். கூடை வையம்மா, மண்தான், ஒன்றும் ஆகாது.

எங்கே விட்டேன்? ஆங். அவர் கட்டிய வீட்டைப் பார்த்தேன். சுவர் கோணல். அதை விடுங்கள். அடுப்படி வடக்கே இருக்கிறது. அடுப்படி அக்கினி மூலையில் அல்லவா இருக்கவேண்டும்? தென்கிழக்கு. சொன்னேன். சாதாரணமாகச் சொல்லவில்லை, நறுக்கென்றுதான் சொன்னேன். வேறு ஆளாக இருந்தால் முகம் சுருங்கியிருக்கும். இவர் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதுகிறார். அடுப்படி, அக்கினி மூலை, ஆவுடையப்பன் சம்பந்தி சொன்னது. தேதியும் போட்டார். எழுதிவிட்டு, "கோமு, வா சாமி, தப்பாக் கட்டிப்போட்டோம், கலைச்சுட்டுக் கட்டலாம்" என்றார். அந்தப் பிள்ளை ஒரே குதி. கலைக்கவும் குதி, கட்டவும் குதி. நான் தப்புக் கண்டுபிடித்தது அவர்களுக்கு இன்னொரு விளையாட்டாகப் போய்விட்டது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காப்பி கொடுத்தார்கள்.

ஊருக்குத் திரும்பி ஒரு வருஷம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தினம் காலையில் போனில் ஒரு பூப்படம் அனுப்புவார், இனிய காலை வணக்கம் என்று. அதோடு சிறுவீட்டுப் போட்டோவும் ஒன்று அனுப்பியிருந்தார். அதைப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்ப்பேன். மேற்குச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. அதைப் பார்த்தால் கொஞ்சம் தூக்கம் வரும்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான், தம்பி. சிறுவீடு என்றால் அந்தப் பிள்ளைக்கு என் ஞாபகம் வரவேண்டும். அவர் ஞாபகம் அல்ல.

போன வருஷம் பத்து நாள் முன்னாலேயே போய்விட்டேன். மண்வீட்டுக்கு இரண்டு நாள் போதும். நான் எதற்குப் பத்து நாள் முன்னால் போனேன்? சிமென்டுக்குத் தண்ணீர் விடவேண்டாமா?

சிரிக்காதீர்கள். சிமென்டில்தான் கட்டினேன். இரண்டு மூட்டை சிமென்ட், செங்கல், சல்லடை, ரசமட்டம், தூக்குக்குண்டு, எல்லாம் வேன் வைத்துக் கொண்டுபோனேன். நிஜ வீட்டுக்குப் போடுகிற மாதிரி அஸ்திவாரம் தோண்டினேன். பெரிய வீட்டுக்கே பூச்சுக்கு சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஆறு போடுகிறவன் இருக்கிறான். நான் இந்த ஒன்றரை அடி வீட்டுக்கு ஒன்றுக்கு நாலு போட்டேன். மூன்று அறை. ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு. வாசலில் இரண்டு படி. எழுபத்திரண்டு வயசில் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் மட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நடுவில் அசையாமல் நிற்கும்.

கோமு முதல் நாள் பக்கத்திலேயே நின்றாள். நான் என்ன செய்யட்டும் அப்புச்சி என்று கேட்டாள். சிமென்ட் பிள்ளைகள் கைக்கு ஆகாது. பார் என்றேன். பார்த்தாள். செங்கலை எடுத்துத் தரட்டுமா என்றாள். காலில் போட்டுக்கொள்வாய், பார் என்றேன். இரண்டாம் நாளும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் வரவில்லை. வெயில். பிள்ளைகளுக்கு ஆகாது.

சம்பந்திதான் கூடவே நின்றார். மோர் கொண்டுவந்தார். சுவருக்குத் தண்ணீர் விட ரப்பர் குழாயைப் பிடித்தார். ஒன்றுக்கு நாலு என்பதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

எதற்கு சிமென்ட் என்று நீங்களும் கேட்பீர்கள். உலகுவும் கேட்டாள். அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வதில் என்ன. எனக்குப் பத்து வயசில், என் தங்கச்சி பேச்சிக்கு நான்தான் சிறுவீடு கட்டினேன். ஆற்று மண்ணைச் சுமந்து, மிதித்து, இரண்டு நாள் ராப்பகலாக உட்கார்ந்து. உடைந்த பானையின் ஓட்டாஞ்சில்லை வைத்துத் தேய்த்துச் சுவரை வழவழவென்று ஆக்குவேன். தெருவே வந்து பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போய்விட்டு வருவாள், ஒரு குடம் தண்ணீரை என் தலையில் கொட்டின மாதிரி கொட்டுவாள், சதக் சதக்கென்று மிதிப்பாள். ஐந்து நிமிஷம். நான் கட்டினது சேறு. ஒரு தடவை அழுதுவிட்டேன். அவள் சொல்கிறாள், "இடிச்சாத்தானேண்ணே அடுத்த வருசம் நீ கட்டுவ?" என்று. அவளுக்கு ஆறு வயசு. என்ன தெரியும். அன்றைக்கு நினைத்தேன், கட்டினால் ஒருத்தரும் இடிக்கமுடியாதபடி கட்டவேண்டும் என்று. அப்படித்தான் கட்டினேன், ஐம்பது வருஷமும். இதை மட்டும் ஏன் விடவேண்டும்?

பொங்கல் பொங்கியது. தெருவில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். ஒருத்தர் செல்போனில் வீடியோ எடுத்தார். சம்பந்தி எல்லாரிடமும், "எங்க சம்பந்தி பண்ணுனதுங்க, அவரு பெரிய கான்ட்ராக்டருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆற்றில் போய் வறட்டி விட்டோம். திரும்பி வந்தோம்.

கோமு உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துவந்தாள். வீட்டின் மேல் ஊற்றினாள். தண்ணீர் படியில் இறங்கி கேட் பக்கமாக ஓடிவிட்டது. இன்னொரு செம்பு கொண்டுவந்தாள். ஓடிவிட்டது. மூன்றாவது. அப்புறம் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்புச்சி, இது கரையல."

"கரையாது. ஒம் பேத்தி காலத்துக்கும் இப்படியே நிக்கும்" என்றேன்.

எல்லாரும் பிரமித்துப்போய் நின்றார்கள். சம்பந்தி முகம் மட்டும் தொங்கிவிட்டது. "நல்ல வேலைப்பாடுங்க" என்றார், அவ்வளவுதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விரலுக்கு ஐஸ் வைக்க உள்ளே போய்விட்டார். பொறாமை. பார்த்தாலே தெரிந்தது. அவரும் மனுஷர்தானே என்று எனக்குத் தோன்றியது.

சேரன்மகாதேவியா இது? ஐந்து நிமிஷம் நிற்பான். டீ வேண்டுமா? எனக்கு வேண்டாம். சாக்கை விட்டுவிட்டு இறங்கமுடியாது.

இந்த வருஷத்துக்கு வருகிறேன். மார்கழி பிறந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மார்கழி முடிந்தது. பொங்கலுக்கு வாங்க என்று மட்டும் சொன்னார்கள், எல்லாரையும் கூப்பிடுகிற மாதிரி. சிறுவீட்டைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. நானே உலகுவுக்குப் போன் பண்ணினேன். நானாகப் பண்ணுவது எவ்வளவு அபூர்வம் என்று அவளுக்குத் தெரியும். சிறுவீட்டுக்கு எப்போ வரட்டும் என்றேன்.

"வீடுதான் இருக்கேப்பா. ஒங்களுக்கு எதுக்கு அலைச்சல்."

போனை வைத்துவிட்டேன். வீடுதான் இருக்கிறது. நான் எதற்கு? சரிதானே? நான் ஒன்றுக்கு நாலு போட்டுக் கட்டியது, அசையாமல் இருக்கிறது. அது இருக்கும்வரை என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. என் ஆயுசுக்கும் இல்லை. என்னுடைய வேலையை வைத்தே எனக்கு வாசலை அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. வாயு.

போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி பண்ணினார். வழக்கமான போன்தான் என்று எடுத்தேன். மழை இல்லை என்று நானே முதலில் சொல்லிவிட்டேன்.

"அதில்லீங்க சம்பந்தி. தப்பா நெனச்சுக்கக் கூடாது. புள்ள ஒரு வாரமா மொகமே குடுக்கறதில்லீங்க. வாங்க தாத்தா வீடு கட்டலாம்ங்கறா. நீங்க கட்டுன வீடு நிக்கறப்ப அதுக்குப் பக்கத்துல நான் இன்னொண்ணு கட்டுனா மரியாதைங்களா? முடியாது சாமின்னுட்டேன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அதுனால, உங்களுக்குச் சொல்லாம ஒரு காரியம் பண்ணீட்டனுங்க. சுத்தி எடுத்து ஒரு மூலையில லேசாத் தட்டிப் பாத்தேன்."

"எந்த மூலை?"

"அக்கினி மூலைங்க."

"என்ன ஆச்சு?"

"மணிக்கட்டு சுளுக்கிக்கிச்சுங்க. கட்டுப் போட்டிருக்குது."

"அதைக் கேக்கல. சுவத்துல எவ்வளவு பேந்துச்சு?"

"பேரலைங்க. பவுடராட்டம் ஒரு சிட்டிகை உதுந்துச்சு."

பத்து வருஷத்தில் அந்த மாதிரி சந்தோஷம் எனக்கு வந்ததில்லை, தம்பி. ஒரு சிட்டிகை. மணிக்கட்டுக்கு நல்லெண்ணெய் போட்டு உருவச் சொன்னேன். நல்ல மனுஷர், பாவம்.

அப்புறம் கோமுவிடம் கொடுத்தார்.

"அப்புச்சி, நீங்க வந்து அத இடிச்சுத் தருவீங்களா?"

"நான் கட்டுனத நானே இடிக்கணுமா?"

"ஆமா. தாத்தாவால முடியல. ஒங்களால முடியும்னு தாத்தா சொன்னாங்க."

கேட்டீர்களா? அவரால் முடியவில்லை, என்னால் முடியும். அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார்.

"சரி. இடிச்சப்புறம் யாரு கட்டுறது?" என்று கேட்டேன். இதுதான் முக்கியம்.

"நான்தான் கட்டுவேன்" என்றாள்.

"அப்ப நான்?"

கொஞ்சம் யோசித்தாள். "நீங்க மண்ணு பெசஞ்சு குடுங்க. தாத்தா தண்ணி ஊத்தட்டும்."

ராத்திரி படுத்து இதை நிறுத்துப் பார்த்தேன். தண்ணீரை யார் வேண்டுமானாலும் ஊற்றலாம். அதற்கு ஒரு கை போதும், சுளுக்கின கையானாலும் போதும். மண் பிசைவது அப்படியா? பிசைகிறவன்தான் பெரியவன். சரி என்று தூங்கினேன்.

காலையில் எழுந்தால் வேறு கவலை. மண்ணை எப்படிப் பிசைவது? சிமென்ட் கலவை என்றால் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மண் மறந்துபோயிற்று. அறுபது வருஷம் ஆகிறது. எவ்வளவு களிமண், எவ்வளவு மணல்? அவர் நோட்டில் இருக்கும். அவரிடம் கேட்பேனா நான்?

மாடசாமியிடம் போனேன். ஆமாம், போனேன். ஆற்றங்கரைத் தெருவில் மகனோடு இருக்கிறான். கண் சரியாகத் தெரியவில்லை. என் குரலைக் கேட்டு எழுந்து நின்றான். உட்காரு என்றால் உட்காரமாட்டேன் என்கிறான். விஷயத்தைச் சொன்னேன்.

"உலகு பாப்பா மவளுக்கா மொதலாளி?" என்று இரண்டு தடவை கேட்டான். அப்புறம் சொன்னான். கரைக் களிமண் மூன்று பங்கு, மணல் ஒரு பங்கு, ஒரு கை உமி. முதல் நாள் நனைத்துப்போட்டு மறுநாள் மிதிக்க வேண்டும். சொல்லிவிட்டு, "மணல ஒரு பங்குக்கு மேல போட்டுராதிய மொதலாளி. பொலபொலன்னு ஒரு செம்புத் தண்ணிக்கே கரஞ்சு போயிரும்" என்றான்.

கிளம்பும்போது, "நானும் வரட்டா? பாப்பாவயும் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றான்.

பஸ்ஸில் கூட்டமாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

என்ன பார்க்கிறீர்கள்? அவனையும் கூட்டிக்கொண்டு போனால் அப்புறம் பிசைவது யார்? அங்கே ஏற்கனவே ஒருத்தர் இருக்கிறார். இன்னொருத்தரையும் நானே கொண்டுபோய் இறக்கவா? அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்றுதான் சொன்னேன். வரவேண்டாம் என்று சொல்லவில்லை.

மேலப்பாளையம் தாண்டிவிட்டோம். சாக்கை அவிழ்த்துப் பார்த்துக்கொள்கிறேன், கொஞ்சம் பிடியுங்கள். சம்மட்டி, உளி, கடப்பாரை. ஒன்றுக்கு நாலு, சும்மா பெயராது. ஒரு நாள் பூரா ஆகும். ஆகட்டும். இதுவா? இது சின்னச் சுத்தியல். கொல்லரிடம் சொல்லிப் பிடி போட்டேன். அவள் கைக்கு அளவு தெரியாது, அடுத்த வீட்டுப் பிள்ளை கையைப் பிடித்து அளந்துகொண்டேன். போன வருஷம் பார், பார் என்று நிறுத்திவிட்டேன். இந்தத் தடவை முதல் அடி அவள் அடிக்கட்டும். அதை மேலே வையுங்கள், அப்படி. அவள் கண்ணில் முதலில் அது படவேண்டும்.

அவருக்கா? அவருக்கு எதுக்குச் சுத்தியல். கையில் கட்டுப் போட்டிருக்கிறாரே. அவருக்கு ஒரு பாட்டில் தைலம் வாங்கியிருக்கிறேன், பையில் இருக்கிறது. சுளுக்கு சீக்கிரம் விட்டால்தானே தண்ணீர் ஊற்றமுடியும். இல்லாவிட்டால் அதற்கும் நான்தான் ஓடவேண்டும்.

அதோ நிற்கிறார்கள். தூணுக்குப் பக்கத்தில், வெள்ளை வேட்டி. கோமுவுக்குப் பழைய கவுனைப் போட்டுக் கூட்டிவந்திருக்கிறார், மண்ணில் இறங்குவதற்கென்று. எல்லாவற்றிலும் ஒரு முன்யோசனை இந்த மனுஷருக்கு. கையாட்டுகிறார் பாருங்கள், கட்டுப்போட்ட கையால். வலிக்காதோ. அவள் அவருடைய சட்டையைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இருக்கட்டும். சுத்தியலைப் பார்த்ததும் விட்டுவிடுவாள்.

நீங்கள் அந்த இரும்பைப் பிடியுங்கள். மண் சாக்கை நான் எடுத்துக்கொள்கிறேன். பத்திரம், கட்டு அவிழ்ந்தால் கொட்டிவிடும். களிமண்ணை விட மணல்தான் இதில் அதிகம்.

ஆமாம். மாடசாமி ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்றான். நான் மணலை மூன்று பங்காக்கி, களிமண்ணை ஒரு பங்காக்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு செம்பு ஊற்றினால் போதும், சுவர் மொத்தமும் உட்கார்ந்துவிடும். அடுத்த தை பிறந்தால் அந்த இடம் காலியாக இருக்கும். கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும்?

ஐம்பது வருஷத்தில் கலவைப் பங்கில் நான் கை வைத்தது இது முதல் தடவை. அவர் வந்து சாக்கில் ஒரு கை பிடிப்பார், இதில் என்னங்க பங்கு என்று உங்களைக் கேட்டாலும் கேட்பார். சொல்லிவிடாதீர்கள், தம்பி. நோட்டில் எழுதிக்கொள்வார்.